மாங்குளம் என்று பெயர் போட்டால் போதுமா?

வாசகர் கேள்வி – பதில்

இம்முறை புத்தகங்களும் படங்களும். பதில் எழுதுபவர் வட்டக்கச்சியில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை. வாசகர்களுக்கு எப்போதும் ‘ரீச்சர்’.

கேள்வி: ரீச்சர், அண்மையில் வாசித்ததில் உங்களைப் பிடித்து வைத்த புத்தகம் எது? புதுசாகச் சொல்லுங்கோ.
– வாசகி, மல்லாவி

புதிது கேட்கிறீர்கள், பிள்ளை. ஆனால் காலபோக விதைப்பு முடிந்து மழை பிடித்த நாட்களில் நான் எடுத்தது பழைய புத்தகம்: பாலமனோகரனின் ‘நிலக்கிளி’. 1973இல் வீரகேசரி பிரசுரமாக வந்த நாவல். கதை நடப்பது எங்கட முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணிமுறிப்பில். படிக்கிற வயதில் வாசித்தபோது அது வெறும் காதல் கதையாகத்தான் தெரிந்தது. கதிராமன் துவக்கோடு காட்டுக்குள் இறங்கினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசிப்போம்; பேந்து பதஞ்சலி எப்போது வருவாள் என்று பக்கத்தைத் தட்டுவோம்.

இப்போது வாசிக்கும்போது பதஞ்சலிதான் மனசைப் பிசைகிறாள். தாயில்லாமல் வளர்ந்த பெண். ஒரு பெண்பிள்ளைக்கு வீட்டில் யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவற்றை அவளுக்குச் சொல்ல ஆளில்லை. அதைத்தானே நாங்கள் எல்லாரும் வெகுளி, வெகுளி என்று கொண்டாடினோம்! எனக்குத் தாங்கவில்லை. புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டுக்குக் குழை வெட்டப் போய்விட்டேன். இரவுதான் திரும்ப எடுத்தேன்.

சூறாவளி வீசும் இரவில் நடப்பதை இங்கே சொல்ல மாட்டேன், வாசிக்காதவர்கள் இருப்பார்கள். ஆனால் அந்தப் பகுதிக்குப் பிறகும் பாலமனோகரன் ஒருவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. மனிதர்கள் மேல் அவ்வளவு இரக்கம் வைத்து எழுதுவது லேசான காரியமில்லை. காட்டையும் அவர் வெளியாளுக்கு விளக்கிக்கொண்டு நிற்கவில்லை. அவருடைய ஆட்கள் அதற்குள் வேலை செய்கிறார்கள், பசிக்கிறார்கள், வேட்டையாடிச் சாப்பிடுகிறார்கள், அவ்வளவுதான்.

இன்னொன்றும் உண்டு. 1984இல் தண்ணிமுறிப்புச் சனமும் அந்தப் பக்கத்து ஊர்ச் சனமும் எழும்பி ஓட வேண்டி வந்தது. அங்கே யார் இருந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று இனி ஒரு பிள்ளை கேட்டால் கையில் எடுத்துக் கொடுக்க எனக்கு இந்த நாவல் இருக்கிறது.

கேள்வி: இப்படியான பழைய புத்தகங்களுக்கு நாங்கள் எங்கே போவது? கடைகளில் இல்லை.
– ஒட்டுசுட்டான் வாசகர்

நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்துக்குப் போங்கள், தம்பி. 2005இல் தொடங்கிய முயற்சி. ஈழத்து நூல்கள், பழைய சஞ்சிகைகள், பத்திரிகைகள் என்று ஆயிரக்கணக்கில் பக்கம் பக்கமாகப் படமெடுத்து இலவசமாக வைத்திருக்கிறார்கள். ‘நிலக்கிளி’யும் அங்கே உண்டு. 1981இல் யாழ்ப்பாண நூலகத்தை எரிகொடுத்த சனம் நாங்கள். 2009இல் யுத்தத்தின் கடைசியில் எங்கட வீடுகளில் இருந்த சின்னச் சின்னப் புத்தக அலுமாரிகளும் போயின. அவற்றை யாரும் கணக்கு எடுக்கவில்லை. அதனால் சொல்கிறேன், வீட்டில் பழைய புத்தகம், கோயில் மலர், பாடசாலை மலர் எது மிஞ்சியிருந்தாலும் கறையானுக்கு விடாதீர்கள். அவர்களுக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: ‘கன்னத்தில் முத்தமிட்டால்’ படத்தில் எங்கட ஊர்ப் பெயர் வருகிறது என்று எங்களுக்குப் பெருமை. இப்போது ‘டூரிஸ்ட் ஃபேமிலி’யும் எங்கட ஆக்களின் கதையைச் சொல்கிறது. இரண்டில் எது உங்களுக்கு உண்மையாகப் பட்டது?
– மாங்குளம் வாசகர்

இரண்டையும் அண்மையில் அடுத்தடுத்துப் பார்த்தேன். முதலாவதைத் திரும்பவும், இரண்டாவதை முதல் தடவையாகவும்.

மணிரத்னத்தின் படம் வந்தது 2002 பெப்ரவரியில். அதே பெப்ரவரி 22ஆம் திகதி யுத்தநிறுத்த ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏப்ரலில், வன்னியூடாக யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்தது. பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்தில் உறவுக்காரர் வீட்டில்தான் நான் அதைப் பார்த்தேன். மாங்குளம் என்றதும் கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள். கொஞ்ச நேரத்தில், ‘இதெந்த மாங்குளம்?’ என்று பின்னாலிருந்து ஒரு குரல். கேள்வி நியாயமானது. படம் எடுத்தது இந்தியாவில். திரையில் தெரிவது ஈரம் சொட்டுகிற பச்சைக்காடு. எங்கட காடு பாலையும் வீரையும் முதிரையும் நிற்கிற காடு; ஆடி, ஆவணியில் சருகு காலடியில் நொருங்கும், குளத்தடி வெடித்துப்போய்க் கிடக்கும். அந்த நாளில் யுத்தம் நடந்த மண்ணில் வந்து படமெடுக்க அவர்களால் முடியாது என்பது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனால், அந்தப் பெயருக்குள் இருக்கிற வெயிலும் புழுதியும் சேர்ந்து போகாது.

இடம் சரியாக வரவில்லை. பிள்ளை சரியாக வந்தாள். சென்னையில் வளர்ப்பு மகளாக வளர்கிற அந்த அமுதா, தன்னைப் பெற்றவளிடம் கேட்பதற்கென்று கேள்விகளை எழுதி எடுத்துக்கொண்டு வருகிறாள். தாய் பதில் சொல்ல முடியாமல் நிற்கிறாள். சமாதானம் வந்த பிறகு வா என்கிறாள். 2002இல் அதைப் பார்த்தபோது சமாதானம் அந்தா வந்துவிட்டது, பாதையே திறந்துவிட்டதே என்று நினைத்துக்கொண்டு அழுதோம். இப்போது பார்க்கையில் அந்த இடத்தில் கண்ணீர் வரவில்லை. தொண்டை அடைத்தது. அப்படிக் கேள்வி எழுதி வைத்திருந்த பிள்ளைகள் என் வகுப்பிலும் இருந்தார்கள். அவர்கள் இப்போது தாங்களே பிள்ளை பெற்றுவிட்டார்கள்.

‘டூரிஸ்ட் ஃபேமிலி’ 2025 மே முதலாம் திகதி வந்தது. பொருளாதார நெருக்கடி தாங்காமல் படகேறிச் சென்னைக்குப் போய், தாங்கள் யார் என்று வெளியில் சொல்லாமல் வாழப் பார்க்கிற குடும்பம். இரண்டு படத்திலும் சிம்ரன் இருக்கிறார், கவனித்தீர்களா? முதலாவதில் வளர்ப்பு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சென்னையிலிருந்து எங்கட பக்கம் வருகிற தாய். இரண்டாவதில் எங்கட பக்கமிருந்து சென்னைக்குப் போகிற தாய். இடையில் இருபத்து மூன்று வருடம்.

சிரிக்க வைத்த படம், மனசுக்கு இதமான படம். பேச்சு இடைக்கிடை எங்கட வழக்கிலிருந்து சறுக்குகிறது. அதைப் பெரிதுபடுத்த மாட்டேன். அயலட்டையில் ஒரு சாவு விழுந்தால் கேட்காமலே போய் நிற்கிற எங்கட பழக்கத்தை அந்தத் தகப்பனில் கண்டேன், அது அருமை. ஆனால் அந்தத் தெருவில் எல்லாரும் கடைசியில் நல்லவர்களாகிவிடுகிறார்கள். 2022 மார்ச்சில் மன்னார்ப் பக்கமிருந்து கைக்குழந்தையோடு படகேறித் தனுஷ்கோடிக் கரையில் இறங்கியவர்களை மண்டபம் அகதி முகாமுக்கு அல்லவா கொண்டுபோனார்கள்? அவர்களுக்கு வாடகை வீடும் வாய்க்கவில்லை, நல்ல அயலும் வாய்க்கவில்லை. படம் முடிந்து எல்லாரும் எழும்பிய பிறகும் நான் அவர்களைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எது உண்மை என்று கேட்டால், எனக்கு முதலாவது. ஊர் பிழையாக இருந்தாலும், அந்தப் பிள்ளையின் கேள்விக்கு அது பொய்யான பதில் கொடுக்கவில்லை.

கேள்வி: எங்கட தாத்தா 77 கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வந்து இங்கே காடு வெட்டிக் குடியேறியவர். வன்னிக் கதைகள் என்று நீங்கள் எழுதுகிறவற்றில் எங்களைப் போன்ற ஆக்கள் இருக்கிறார்களா, ரீச்சர்?
– வாசகி, விசுவமடு

இருக்கிறார்கள், தங்கச்சி, ஆனால் இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. உங்கள் கடிதம் வந்ததும் சயந்தனின் ‘ஆதிரை’யைத் திரும்ப எடுத்தேன். 2015இல் வந்த பெரிய நாவல். மலையகத்திலிருந்து அடிபட்டு வந்து வன்னியின் விளிம்பில் குடியேறிய குடும்பங்களைக் கதையின் நடுவில் வைத்தது அது. அதற்கு முன்பு எங்கட கதைகளில் அவர்கள் பெரும்பாலும் கூலிக்கு வருகிற ஆளாக, பெயர்கூட இல்லாமல், வரம்பில் நின்றுவிட்டுப் போவார்கள்.

எழுபதுகளில் காந்தியம் அமைப்பு வவுனியாப் பக்கத்தில் பண்ணைகள் அமைத்து அந்தக் குடும்பங்களைக் குடியேற்றியது. கிளிநொச்சியில் எத்தனை ஊர்கள் அவர்கள் வெட்டித் திருத்திய காணி! வெங்காயம், மிளகாய் என்று இந்த மண்ணைப் பச்சையாக்கிய கைகள். சண்டை வந்தபோது அவர்களின் பிள்ளைகளும்தான் செத்தார்கள். ஆனால் காணிப் பத்திரம் என்று வந்தால் கடைசி வரிசை, கோயில் திருவிழா உபயம் என்று வந்தால் அதிலும் கடைசி வரிசை. நான் படிப்பித்த காலத்தில் கெட்டித்தனமான ஒரு பிள்ளையைப் பக்கத்தில் இருந்தவள், ‘நீங்கள் தோட்டக்காட்டு ஆக்கள்தானே’ என்று கேட்டுவிட்டாள். அந்தப் பிள்ளை பதில் பேசாமல் கொப்பியை மூடி, அதன் மேலே அடிமட்டத்தை நேராக வைத்தது. அந்த அடிமட்டம் வைத்த விதத்தை என்னால் மறக்க முடியாது.

‘ஆதிரை’யை வாசிக்கும்போது சில பக்கங்களில் மூச்சு முட்டும், சாவு அடுக்கடுக்காக வரும். நிறுத்தி நிறுத்தி வாசியுங்கள். ஆனால் வாசியுங்கள். தாத்தா இருந்தால் அவரிடம் கேட்டு எழுதத் தொடங்குங்கள்: எந்த லொறியில் வந்தார், முதல் இரவு எங்கே படுத்தார், முதல் கிணறு எத்தனை முழத்தில் தண்ணி கண்டது. இதெல்லாம் வேறு யாருக்கும் தெரியாது.

கேள்வி: சிங்களப் படங்கள் பார்ப்பீர்களா? எங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று என் தம்பி சண்டை பிடிக்கிறான்.
– முல்லைத்தீவு வாசகி

பார்ப்பேன். போன மாதம் என்னிடம் படித்த ஒரு தம்பி பென் ட்ரைவில் கொண்டுவந்து தந்த படம் ‘புரஹந்த களுவர’. பிரசன்ன விதானகேயின் படம், 1997இல் எடுத்தது. 2000ஆம் ஆண்டில் அரசாங்கம் அதைத் திரையிட விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் சனத்துக்குக் காட்ட முடிந்தது. வறண்ட பக்கத்துச் சிங்களக் கிராமம். அங்கே கண் தெரியாத ஒரு முதியவர், பெயர் வன்னிஹாமி. ஜோ அபேவிக்ரம நடித்திருக்கிறார். அவருடைய மகன் ஆமிக்குப் போனவன். முத்திரை வைத்து மூடிய சவப்பெட்டி வீட்டுக்கு வருகிறது, திறக்கக் கூடாது என்று சொல்கிறார்கள். ஊரே அழுகிறது. கிழவர் மட்டும் மகன் செத்ததை நம்பவில்லை. நட்டஈட்டுக் காசுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லி ஆள் மாறி ஆள் வருகிறார்கள். வீட்டில் காசுக்கு அந்தரம், கலியாணத்துக்கு நிற்கிற மகள் இருக்கிறாள். போட மாட்டேன் என்று இருக்கிறார்.

எங்கட வீட்டுக்குப் பின்வளவில் இருக்கிற அக்காவும் என்னோடு இருந்து பார்த்தா. அவவின் மகன் 2009க்குப் பிறகு இல்லை. இல்லை என்று நான் எழுதுவதும் அவவுக்குப் பிடிக்காது, ‘வரவில்லை’ என்றுதான் சொல்லுவா. அவவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் விளங்காது. நான் இடைக்கிடை சொல்லிக்கொண்டு இருந்தேன். கடுதாசியை நீட்டி அந்தக் கிழவரின் கையைப் பிடிக்கப் பார்க்கிற இடத்தில், நான் வாய் திறக்க முதலே அக்கா திரையைப் பார்த்து, ‘போடாதையுங்கோ ஐயா’ என்றா. சத்தமாக.

கடைசியில் வன்னிஹாமி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அந்தக் குழியைத் தோண்டப் போகிறார். பெட்டிக்குள் மகனின் உடல் இல்லை. அக்கா ஒன்றும் பேசவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு, ‘அந்த மனிசன் வடிவாத்தான் யோசிச்சிருக்கிறார்’ என்று சொல்லி எழும்பினா.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைக் கேட்டுப் பந்தலைப் போட்டு இருந்த தாய்மார் என்ன கேட்டார்கள்? காசு கேட்கவில்லை. மரணச் சான்றிதழை வாங்க மாட்டோம் என்றார்கள். காணாமல் போனவர் என்று பதிகிற சான்றிதழுக்கு 2016இல் சட்டம் வந்தது. அதையும் பலர் கையால் தொடவில்லை. பிள்ளையை எங்கே என்று சொல்லு என்பதுதான் அவர்களின் ஒரே பேச்சு. அந்தப் பந்தலடியிலேயே காத்திருந்து செத்த தாய்மாரும் உண்டு. வன்னிஹாமியின் மகன் எங்களோடு சண்டை பிடிக்க வந்தவன், அதை நான் மறக்கவில்லை. உங்கள் தம்பியும் மறக்க வேண்டாம். இரண்டு பக்கத்துக்கும் நடந்தது ஒன்றுதான் என்றும் நான் சொல்ல வரவில்லை. எங்கட சனத்துக்குச் சவப்பெட்டிகூட வரவில்லை. ஆனால் எங்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும் என்று கேட்டானே, கையெழுத்துப் போட மறுக்கிற ஒரு பெற்ற மனசை அந்த இயக்குநருக்குத் தெரிந்திருக்கிறது. அதை எங்கட அக்கா மொழி தெரியாமலே கண்டுபிடித்தா. தம்பியை இருத்திப் படத்தைப் போட்டுக் காட்டுங்கள். பிறகும் சண்டை பிடித்தால் எனக்கு எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: கிளிநொச்சிக்கு வருகிற கதை என்று ஓர் ஆங்கில நாவல் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனதாமே. வாசித்தீர்களா?
– பரந்தன் வாசகர்

அனுக் அருட்பிரகாசத்தின் ‘எ பாசேஜ் நோர்த்’, 2021. வாசித்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. வசனங்கள் நீளம், ஒரு வசனம் ஒரு பக்கத்தைக் கடந்தும் ஓடும். கொழும்பில் இருக்கிற கிருஷன் என்ற இளைஞன். அவனுடைய அப்பம்மாவைப் பராமரித்த ராணி என்ற பெண் கிணற்றுக்குள் விழுந்து செத்துப்போகிறாள். அவளின் செத்தவீட்டுக்கு ரயிலேறிக் கிளிநொச்சிப் பக்கம் வருகிறான். கதை என்றால் இவ்வளவுதான்.

செத்தவீட்டுப் பகுதி எனக்கு நன்றாகப் பிடித்தது. பறையையும் பெண்கள் கூடி அழுவதையும் வந்துபோகிற ஆளாகப் பார்க்காமல், நின்று, பொறுமையாகப் பார்த்து எழுதியிருக்கிறார். இரண்டு மகன்களையும் இழந்த ராணியின் மனம் ஆறாமல் இருப்பதையும், வைத்தியத்தால்கூட அதைத் தொட முடியாததையும் எழுதிய இடங்களில் எனக்கு எங்கட ஊர்ப் பெண்களின் முகங்கள் வந்தன.

குறையும் சொல்ல வேண்டும். ராணியைப் பற்றி எல்லாரும் யோசிக்கிறார்கள், ராணி பேசுவது கொஞ்சம். அவனுடைய டெல்லிக் காதலுக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியை ராணிக்குக் கொடுத்திருக்கலாம் என்று வாசிக்கும்போதெல்லாம் மனம் அடித்துக்கொண்டது. தோட்டக்கிணற்றில் தண்ணி அள்ளி வெங்காயத்துக்கு விட்ட பெண்ணுக்கு, பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேச்சு இருக்கும். அந்தப் பேச்சை எழுத இங்கேயிருந்து ஒருத்தி வர வேண்டும். இங்கிலீசில் வேண்டாம், நாங்கள் கதைக்கிற மாதிரியே எழுதட்டும்.

கேள்வி: என் பிள்ளைகள் எந்த நேரமும் போனில் சண்டைப் படம்தான். ஏழு, பத்து வயது. வேறு என்ன காட்டலாம்?
– தாய், முழங்காவில்

மஜீத் மஜீதியின் ‘சில்ட்ரன் ஒஃப் ஹெவன்’, 1997இல் வந்த ஈரானியப் படம். தங்கச்சியின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அண்ணன், ஒரு சோடிச் சப்பாத்தை இருவரும் மாறி மாறிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் ஓடுகிறார்கள். மீளக்குடியமர்ந்த காலத்தில் நான் அதை வகுப்பில் போட்டேன். சப்டைட்டில் ஒருவருக்கும் தேவைப்படவில்லை. ஓட்டப்போட்டியில் மூன்றாம் பரிசுதான் சப்பாத்து. பையன் முதலாவதாக வந்துவிட்டான் என்றதும் வகுப்பே ‘ஐயோ’ என்று கத்தியது. படம் முடிகிற நேரம் தகப்பனின் சைக்கிளில் புதுச் சப்பாத்து இருப்பது ஒரு கணம்தான் தெரியும். அதைப் பின்வாங்கில் இருந்த ஒரு சின்னவன் மட்டும் கண்டுவிட்டு, ‘வாங்கிட்டார்! வாங்கிட்டார்!’ என்று மேசையில் தட்டினான். பிள்ளைகளோடு நீங்களும் இருந்து பாருங்கள், தங்கச்சி. அவர்கள் கண்டுபிடிக்கிறார்களா என்று எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: அடுத்து என்ன வாசிக்கப் போகிறீர்கள், ரீச்சர்?
– துணுக்காய் வாசகர்

செங்கை ஆழியானின் ‘யானை’. வன்னிக் காட்டையும் ஒரு தனியன் யானையையும் வைத்து எழுதிய நாவல். அவர் அரச அதிகாரியாக இந்தப் பக்கங்களில் வேலை பார்த்தவர், காட்டோரக் கமக்காரரின் கஷ்டம் தெரிந்தவர். இப்போதும் நெல்லுக் குலை தள்ளினால் இரவில் யானைவெடியும் தீப்பந்தமுமாகத்தான் உங்கட பக்கத்துச் சனம் காவல் இருக்கிறது. அந்தக் காவலில் இருக்கிறவர்களின் கண்ணால் நாவலைத் திரும்ப வாசித்துப் பார்க்க ஆசை. போனில் வாசித்தால் கண் எரிகிறது. யாரிடமாவது பழைய பதிப்பு இருந்தால் இந்தச் சஞ்சிகை முகவரிக்கு ஒரு வரி எழுதுங்கள். அட்டை போட்டுப் பத்திரமாகத் திருப்பித் தருவேன்.